வைக்கோல் ஆட்டுப் படம்

கோவில்பட்டியில் உமாதேவியின் குரல் தெரியாதவர்கள் அநேகமாகக் கிடையாது. முகம் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, புது ஓட்டல் திறப்பு, கண் சிகிச்சை முகாம், இரங்கல் செய்தி, எதுவானாலும் விளம்பர ஆட்டோவின் குழாய் வழியாக ஊருக்குச் சொல்வது அவள்தான். யோகராஜின் ஸ்டூடியோவில், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறைக்குள் உட்கார்ந்து பேசிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். ஆட்டோவை ஓட்டுவது அவள் புருஷன் ஜெயகிருஷ்ணன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், பகலெல்லாம் உன் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன், காபி குடிக்கும் வரைக்குமாவது பேசாமல் இரு என்பான். அவள் இருந்ததில்லை.

பேசுவது எல்லாம் அடுத்தவர்கள் எழுதிக் கொடுப்பது. கமா, முற்றுப்புள்ளி மாறாமல் வாசிக்க வேண்டும். ஒரு தரம் இரங்கல் அறிவிப்பில், இறந்துபோனவரைத் தனக்குத் தெரியும் என்பதால், ‘எல்லாரிடமும் அன்பாகப் பழகியவர்’ என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்துவிட்டாள். செத்தவரோடு வாய்க்கால் தகராறு இருந்த தம்பி நேராக ஸ்டூடியோவுக்கு வந்து, எல்லாரிடமும் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். அதிலிருந்து அவள் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுவதில்லை.

யோகராஜுக்கு ஸ்டூடியோ போக, திரையும் புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிற வேலையும் உண்டு. ஜெயகிருஷ்ணனை அண்ணன் என்றும் உமாதேவியை மதினி என்றும் கூப்பிடுவான். அந்த வருஷம் டிசம்பரில் பசுவந்தனைப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஊர்க்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். அந்த ஊர் தேவாலயத்தின் கமிட்டித் தலைவர் ஞானமுத்து, உரக்கடை வைத்திருப்பவர், நிதானமான ஆள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாரத்தில் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள், வீடு வீடாகப் பாடப் போவார்கள். இந்த வருஷம் ஒருநாள் சாயங்காலம் படம் போடலாம் என்று ஆசைப்படுகிறார்கள் என்றார். கிறிஸ்துமஸ் படமாக இருக்க வேண்டும், பனி பெய்ய வேண்டும், அடிதடி கூடாது, குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், முக்கியமாகத் தமிழில் பேச வேண்டும். யோகராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

மதுரையில் ஒரு நண்பன் அவனுக்கு ஒரு படத்தை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். தமிழ் டப்பிங்தான் என்று சத்தியம் செய்தான். யோகராஜ் ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தபோது பனி கொட்டியது, மணி அடித்தது, குதிரைவண்டி ஒன்று போனது. யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டதால் நிறுத்திவிட்டான். அதுதான் வினையாகப் போனது.

படம் போடுகிற அன்று உமாதேவியும் கூடப் போனாள். நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை வாசிக்கவும், நன்றி சொல்லவும் ஒரு குரல் வேண்டும் என்று ஞானமுத்து கேட்டிருந்தார். ஜெயகிருஷ்ணன் ஆட்டோவில் திரையும் கம்பிகளும் ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டான். மழை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரிசல் இன்னும் ஈரமாகக் கிடந்தது. உளுந்தும் பாசிப்பயறும் கணுக்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றன. தேவாலயத்துக்கு முன்னால் இறங்கி நாலு எட்டு நடப்பதற்குள் செருப்பில் மண் அப்பி, உமாதேவி ஒரு சாண் உயரம் கூடிவிட்டாள்.

வளாகம் முழுக்க வண்ணத்தாள் நட்சத்திரங்கள் தொங்கின. சனங்கள் பொழுது இருட்டுவதற்கு முன்பே பாயும் சாக்குமாக வந்து இடம் பிடித்திருந்தார்கள். கோயில் சபைக்காரர்கள் மட்டும் இல்லை. படம் என்றதும் ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் திரைக்கு நேர் எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் சீனித்தாய். ஆடு வளர்க்கிற குடும்பம். அவள் புருஷன் ஊருக்குத் தெற்கே ஒரு புஞ்சைக் காட்டில் ராத்திரி ஆடுகளை அடைக்கிற கிடை போட்டுக் காவலில் இருந்தார். அவருக்குச் சோறு கொடுத்து அனுப்பிவிட்டு, இவள் வெற்றிலைப் பையும் பேத்தியுமாக வந்துவிட்டாள்.

உமாதேவி பெயர்களை வாசித்தாள். ஜெபம் நடந்தது. விளக்கை அணைத்தார்கள். திரையில் பனி கொட்டியது, மணி அடித்தது, குதிரைவண்டி போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். வண்டியிலிருந்து சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண் இறங்கி, ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். தாடி வைத்த ஓர் ஆள் கதவைத் திறந்தான். அவள் அவனைப் பார்த்துப் படபடவென்று பேசினாள். அது தமிழ் இல்லை. இங்கிலீஷும் இல்லை. அங்கே இருந்த யாரும் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு பாஷை.

யோகராஜ் படத்தை நிறுத்தி, லேப்டாப்பில் எதை எதையோ தட்டினான். மறுபடி போட்டான். மறுபடியும் அதே பாஷை. எழுத்தாகவும் கீழே ஒன்றும் வரவில்லை. ஞானமுத்து பக்கத்தில் வந்து நின்றார். அவர் கோபப்படவில்லை, என்ன தம்பி என்று மட்டும் கேட்டார். யோகராஜுக்கு அதுதான் தாங்கவில்லை. வேறு படமும் கைவசம் இல்லை. போனில் இறக்கிக்கொள்ளலாம் என்றால் அந்த ஊரில் டவர் ஒரு கோடு காட்டுவதும் மறைவதுமாக இருந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் பாயைச் சுருட்டினார்கள்.

யோகராஜ் உமாதேவியைப் பார்த்தான். மைக் இன்னும் அவள் கையில் இருந்தது.

“மதினி, நீங்க கதையைச் சொல்லுங்க. நான் படத்தோட சத்தத்தைக் குறைச்சிருதேன்.”

“எனக்கு என்ன கதை தெரியும்? நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லயே தம்பி.”

“இங்கன யாரு பார்த்திருக்கா?”

அவள் ஜெயகிருஷ்ணனைத் தேடினாள். அவன் ஸ்பீக்கர் பக்கத்தில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசு என்கிற மாதிரி தலையை அசைத்தான். எழுதிக் கொடுக்காத ஒரு வரியைப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தாள். ஆனாலும் கிளம்புகிறவர்களைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அன்பார்ந்த பொதுமக்களே,” என்று ஆரம்பித்துவிட்டாள். பழக்கதோஷம்.

கூட்டம் சிரித்தது. ஏ, இது தள்ளுபடி ஆட்டோவில் பேசுகிற பிள்ளை என்று யாரோ சொன்னார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பார்க்க எல்லாரும் திரும்பினார்கள். பாயைச் சுருட்டியவர்களும் நின்று பார்த்தார்கள். அவள் முகம் சூடாகிவிட்டது. திரையை மட்டும் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

அது கொடைக்கானலைவிடக் குளிரான ஊர் என்றாள். சால்வைக்காரி பெயர் ராதாமணி. தாடிக்காரர் பெயர் பூவனலிங்கம். இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள். அப்பா செத்ததும் பாகம் பிரிப்பதில் மனஸ்தாபம் வந்து பேச்சுவார்த்தை இல்லை. ராதாமணி புருஷன் துபாய்க்குப் போனவன், தகவலே இல்லை. அதனால் பாகத்தைக் கேட்டுப் பிள்ளையோடு வந்து நிற்கிறாள். வண்டியில் உட்கார்ந்திருக்கிற சின்னவள் பூங்கொடி. இதையெல்லாம் அவள் யோசித்துச் சொல்லவில்லை. திரையில் அந்தப் பெண் கையை ஆட்டிப் பேசுகிற வேகத்தைப் பார்த்தால் பாகத் தகராறு மாதிரித்தான் இருந்தது.

கூட்டத்துக்கு அது உடனே பிடித்துவிட்டது. பாகத் தகராறு இல்லாத வீடு எங்கே இருக்கிறது. பூவனலிங்கம் வாயைத் திறக்கும்போதெல்லாம் உமாதேவி குரலைக் கட்டையாக்கிப் பேசினாள். ராதாமணிக்குச் சொந்தக் குரல். பிள்ளைக்குக் கீச்சுக்குரல். கொஞ்ச நேரத்தில் வாய் அசைவுக்கும் பேச்சுக்கும் பொருத்தம்கூட வந்துவிட்டது. பாத்திரக்கடை விளம்பரத்துக்காக ஒரு காலத்தில் மாமியார் குரலும் மருமகள் குரலும் மாற்றி மாற்றிப் பேசியது இப்போது கை கொடுத்தது.

திரையில் அந்த ஊர்ச் சந்தை வந்தது. சந்தைக்கு நடுவில் வைக்கோலால் செய்த ஓர் ஆடு, வீட்டு உயரத்துக்கு நின்றது. கொம்புக்குச் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். அங்கே ஏன் ஆடு நிற்கிறது என்று உமாதேவிக்குத் தெரியவில்லை. நம்ம பக்கம் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைப்பது மாதிரி, அந்த ஊரில் பண்டிகைக்கு வைக்கோல் ஆடு செய்வார்கள் என்றாள். சீனித்தாய்க்கு அந்த விளக்கம் திருப்தியாக இருந்தது. நல்ல கிடா என்று ஒப்புக்கொண்டாள்.

பிறகு கதை வேறு பக்கம் போனது. பண்டிகைக்கு முதல் நாள் பெரியவர்கள் இரண்டு பேரும் மறுபடி சண்டை போட்டார்கள். பூங்கொடி காதைப் பொத்திக்கொண்டு, கதவைத் திறந்து, தனியாக வெளியே போய்விட்டாள். பனி கண் மறைக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையின் காலடித் தடத்தைப் பனி மூடிக்கொண்டே வந்தது. தாடிக்காரர் லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ராதாமணி சால்வை விழுந்ததுகூடத் தெரியாமல் கத்திக்கொண்டு ஓடினாள்.

உமாதேவிக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். திரையில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சீனித்தாய் திரும்பி, உமாதேவியைப் பார்த்துச் சொன்னாள்.

“பிள்ளை கெடைச்சிருவான்னு சொல்லுத்தா.”

கிடைப்பாளா இல்லையா என்று உமாதேவிக்கு எப்படித் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் சில படங்களில் கடைசியில் சாகடித்துவிடுகிறார்கள். ஆனால் சீனித்தாய் மடியில் பேத்தி தூங்காமல் முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் திரையை விட்டுவிட்டு இவள் வாயைப் பார்த்தார்கள். சொன்னபிறகு படம் வேறு மாதிரிப் போனால் இவ்வளவு பேருக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்க வேண்டியதுதான். அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“கெடைச்சிருவா,” என்றாள். “அவுக அம்மா தேடிக்கிட்டு வாரா. கண்டிப்பா கெடைச்சிருவா.”

அதற்கப்புறம் படம் நகராத மாதிரி இருந்தது. லாந்தர் வெளிச்சம் ஒரு பக்கம் ஆடியது. நாய் குரைத்தது. ராதாமணி பனியில் மண்டியிட்டு விழுந்தாள். அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று உமாதேவி நினைத்தாள். அப்போது தாடிக்காரர் சந்தைக்கு நடுவில் நின்ற வைக்கோல் ஆட்டுப் பக்கம் லாந்தரைத் தூக்கிப் பிடித்தார். ஆட்டின் வயிற்றில் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே, வைக்கோலுக்குள் சுருண்டு, பூங்கொடி தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. மூச்சு புகையாக வந்தது.

தேவாலய வளாகம் அதிர்ந்துவிட்டது. விசில் பறந்தது. வைக்கோல் கதகதப்பாக இருக்கும், அதுதான் பிள்ளை பிழைத்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஞானமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உமாதேவி கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, அண்ணனும் தங்கச்சியும் இனிமேல் சண்டை போடமாட்டார்கள், ரத்த பாசம் ஜெயித்துவிட்டது என்று உருக்கமாகச் சொல்லி முடித்தாள்.

அவள் முடித்த அந்த நொடியில் திரையில் பூவனலிங்கம் ராதாமணியை இழுத்து அணைத்து உதட்டில் முத்தம் கொடுத்தார். சின்ன முத்தமும் இல்லை.

பிள்ளைகளின் கண்ணைப் பொத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. யோகராஜ் லேப்டாப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டான். ஞானமுத்து கண்ணாடியை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். தேவாலய வாசலில் நின்று, அண்ணனையும் தங்கச்சியையும் இப்படிச் சேர்த்து வைத்துவிட்டோமே என்று உமாதேவிக்கு உறைத்தது. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். கழற்றிப் போட்ட செருப்பு எங்கே கிடந்தது என்று தெரியவில்லை.

வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சீனித்தாய்தான் பேசினாள். சத்தமாக, ஆனால் சாதாரணமாக.

“கூடப்பிறந்த அண்ணனா இருக்காது. அத்தை மகனா இருக்கும்.”

உமாதேவி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“ஆமா, அத்தை மகன்தான்,” என்றாள். “அத்தை மகனைத்தான் கட்டியிருந்தா. துபாய்க்குப் போயிட்டுத் தாடியோட திரும்பி வந்திருக்கவரு இவருதான். இத்தனை வருசம் தகவல் இல்லாம இருந்துட்டு வந்து நின்னா எந்தப் பொம்பளைக்குத்தான் கோவம் வராது? அந்தக் கோவத்துல, எனக்கு நீ புருசனே இல்ல, அண்ணன்னு சொல்லிட்டா. நானும் அதைக் கேட்டு அண்ணன்னே சொல்லிட்டேன்.”

ஒரு கணம் எல்லாரும் அதை மனசுக்குள் சரிபார்த்தார்கள். பிறகு பொம்பளைகள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது. அது ஆம்பளைகள் பக்கம் பரவியது. கோபம் வந்தால் நானும் எங்க வீட்டுக்காரரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன் என்று ஒருத்தி எழுந்தே சொன்னாள். துபாயில் புருஷன் இருக்கிற இன்னொருத்தி, இந்தத் தரம் வரட்டும், நானும் அப்படித்தான் கூப்பிடப் போறேன் என்றாள். ஞானமுத்து வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் உமாதேவிக்கு மூச்சு வந்தது.

கடைசிக் காட்சியில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தாடிக்காரர் பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். என்ன புத்தகம் என்று உமாதேவிக்குத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி வாசிக்கிறது என்றால் கிறிஸ்து பிறந்த கதையாகத்தான் இருக்கும். அது அவளுக்குப் பள்ளிக்கூடத்து நாடகத்தில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். தப்பாகச் சொல்ல மனசில்லை. அவர் வாசிப்பதை நீங்களே சொல்லுங்க என்று மைக்கை முன்வரிசைக்கு நீட்டிவிட்டாள்.

ஒரு பெண், தொழுவத்தில் பிள்ளை பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். பிரசவத்துக்கு இடம் கிடைக்காமல் அலைந்ததை முதலில் சொல்ல வேண்டும் என்று இன்னொருத்தி மைக்கை வாங்கினாள். திரையில் பக்கம் புரண்டது. இங்கே மைக் கை மாறியது. வயலில் மந்தையைக் காத்துக்கொண்டு முழித்திருந்த ஆட்டுக்காரர்களுக்குத்தான் முதலில் சேதி வந்தது என்று ஞானமுத்துவின் மனைவி சொன்னபோது, சீனித்தாய் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

“ராசாக்களுக்கு இல்லையா? முதல்ல கிடைக்காரவியளுக்கா?”

ஆமாம் என்றார்கள். சீனித்தாய் தெற்கே இருட்டைப் பார்த்தாள். அங்கே தூரத்தில் கிடையில் போட்டிருந்த தீ ஒரு பொட்டாகத் தெரிந்தது. அங்கன ஒரு மனுசன் தனியா உக்காந்திருக்காரு, இதைப் போய்ச் சொல்லணும் என்றாள். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது அவள் எழுந்துவிட்டாள். கமிட்டிக்காரர்கள் கொடுத்த கேக்கில் புருஷனுக்கும் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, இலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பேத்தியைக் கையில் பிடித்தபடி காட்டுப் பாதையில் நடந்தாள்.

உமாதேவியை உடனே விடவில்லை. ராதாமணி வீட்டுப் பாகம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். புருஷனே வந்துவிட்டான், இனிமேல் எதற்குப் பாகம் என்றாள். துபாய் வேலையை விட்டுவிட்டானா என்றார்கள். விட்டுவிட்டான், அந்தப் பனி ஊரிலேயே சின்னதாக ஒரு ரொட்டிக்கடை வைக்கப் போகிறான் என்றாள். நேரம் ஆக ஆக அவளுக்கு எல்லா விவரமும் தெரிந்துகொண்டே வந்தது. ஜெயகிருஷ்ணன் ஆட்டோவில் சாமான்களை ஏற்றிவிட்டுக் காத்திருந்தான். திரும்பி வரும் வழியில் கோவில்பட்டி விளக்குகள் தெரிய ஆரம்பித்ததும், ராதாமணி மறுபடி புருஷனோடு பேசுவதற்கு எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாள் என்று கேட்டான். உமாதேவி, முத்தம் கொடுக்கும் வரைக்கும் நீயும் அவரை அண்ணன் என்றுதானே நம்பினாய் என்றாள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டான்.

மறுநாள் யோகராஜ் அந்தப் படத்தின் உண்மையான கதையைக் கண்டுபிடித்து வந்து சொன்னான். தாடிக்காரர் அந்த வீட்டை ஜப்தி செய்துவிட்டு உள்ளே இருந்த அதிகாரியாம். சின்னவள் அந்தப் பெண்ணுக்கு மகள் இல்லை, தங்கச்சியாம். பெரிய புத்தகத்தில் இருந்தது அந்த ஊர் வரலாறாம். உமாதேவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஜப்திக்காரன் எதற்காக முத்தம் கொடுத்தான் என்று கேட்டாள். அது அவனுக்கும் விளங்கவில்லை.

அந்த நிஜக் கதை பரவுவதற்குள் உமாதேவி கதை சொன்ன சேதி பரவிவிட்டது. புதுவருஷத்துக்கு முன்னால் விளாத்திகுளத்திலிருந்து இரண்டு பேர் பைக்கில் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். எங்க ஊரிலும் பண்டிகைப் படம் போட வேண்டும், என்ன பாஷையானாலும் பரவாயில்லை, அந்த அக்கா பேச வேண்டும் என்றார்கள். யோகராஜ் இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக ஒரு படத்தை எடுத்து வைத்து, மதினி, உட்கார்ந்து முழுசாகப் பார்த்துக்கோங்க என்று கூப்பிட்டான். உமாதேவி அறைக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“பார்த்துட்டா எனக்குப் பேச வராது தம்பி. அடிதடி இருக்கா, பிள்ளைக பார்க்கலாமா, அதை மட்டும் நீ பார்த்துக்கோ.”

விளாத்திகுளத்தில் கூட்டம் கூடுதல். மிளகாய்க் காட்டு வேலையை முடித்துவிட்டு நேராக வந்தவர்கள் பாதிப்பேர். முதல் காட்சியில் ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் கையில் கூண்டுக்கிளியோடு பிளாட்பாரத்தில் மூச்சிரைக்க ஓடினார். எந்த ஊர், எங்கே போகிறார், கிளி யாருக்கு, உமாதேவிக்கு ஒன்றும் தெரியாது. மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“இவரு மகள் வீட்டுக்குப் போறாரு,” என்றாள். “ஆனா மகளுக்கு இவரு வாரது தெரியாது.”